பீடோங் பட்டணத்து கிளினிக்: டாக்டர் கணினியில் என்ன எழுதுகிறார்?

கெடா மாநிலத்துப் பீடோங்கில் எந்த கிளினிக்குக்குப் போகலாம் என்று என்னைக் கேட்காத ஆள் குறைவு. தோட்டத்து மருந்தகத்தில் டிரசராக (மருத்துவ உதவியாளர்) இருந்து ஓய்வு பெற்றவன், எல்லா டாக்டரையும் எடைபோட்டு வைத்திருப்பான் என்று ஒரு நம்பிக்கை. கோப்பிக் கடையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். கிளினிக்கின் பெயரைப் போடப்போவதில்லை. “பேர் வேண்டாம் அங்கிள், விளம்பரம் மாதிரி ஆயிடும்” என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். மருந்து, மருத்துவம் சம்பந்தப்பட்ட விளம்பரத்துக்கு 1956-ஆம் ஆண்டிலிருந்தே மலேசியாவில் சட்டம் இருக்கிறது, அவர் பயம் அவருக்கு. ஊர்க்காரர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று போகப் போகப் புரிந்துவிடும்.

நம் ஆட்கள் டாக்டரைப் பற்றிக் கேட்பது கைராசி. ஊசி போட்டால் உடனே கேட்கிறதா, மருந்து கடுமையா, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்டால் முகம் சுளிக்காமல் தருவாரா. எனக்கு வேறு கணக்கு. டாக்டர் என் நோய்க்கு என்ன பெயர் வைத்து உள்ளே ஏற்றுகிறார் என்று பார்ப்பேன். மருந்து மூன்று நாளில் தீர்ந்துவிடும். அந்தப் பெயர் நம் பின்னாலேயே வரும். அடுத்த டாக்டர், காப்புறுதிக்காரன், பெரிய ஆஸ்பத்திரி, எல்லாரும் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

சாதாரண விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். காய்ச்சல் இருமலுக்கு மருந்தோடு சேர்த்து 45 வெள்ளி, 50 வெள்ளி ஆகும். அரசாங்க கிளினிக்கின் ஒரு வெள்ளியோடு ஒப்பிட்டால் அதிகம்தான். காலையில் போனால் காத்திருக்க வேண்டிவரும். நாற்காலிகள் போதாது, ஏர்கோன் ஒரு பக்கம் மட்டும் குளிரும். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். மருந்து விலையைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், 2025 மே முதல் தேதியிலிருந்து அது கட்டாயம். 40 வயது தாண்டிய பி40 (குறைந்த வருமான) குடும்பத்தார் பெக்கா பி40 திட்டத்தில் இங்கே இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். கவுண்டர் பெண்ணிடம் கேட்டால் ஐ.சி.யை (அடையாள அட்டை) வைத்துப் பார்த்துச் சொல்லும்.

இனி உள்ளே போவோம். டாக்டரின் மேசையில் இரண்டு திரைகள். ஒன்று அவருக்கு, இன்னொன்று நம் பக்கம் திருப்பி வைத்தது. அவர் தட்டுவது நமக்கும் தெரியும். முதல் தடவை போனபோது எனக்கு இது பிடிபடவில்லை, ஏதோ ரத்த அழுத்தம் காட்டுகிற டிவி என்று நினைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், மேலே நோய்களின் பட்டியல் ஒன்று நிரந்தரமாக நிற்கிறது. ஒவ்வொரு நோய்க்கும் பக்கத்தில் எப்போது தெரியவந்தது, எதை வைத்துச் சொல்கிறோம், உறுதியா சந்தேகமா என்று மூன்று கட்டங்கள். இந்த மூன்றாவது கட்டம் இருக்கிறதே, அதற்காகவே நான் இந்த டாக்டருக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் பெரிய தடிமனான புத்தகம் ஒன்று இருந்தது. பெயர், செக்ரோல் (தொழிலாளர் பதிவேடு) நம்பர், என்ன தொந்தரவு, என்ன கொடுத்தோம், வேலைக்குப் போகலாமா கூடாதா. அவ்வளவுதான். நோயின் பெயருக்கு என்று தனி இடமே கிடையாது. ரப்பர் பால் வெட்டுகிறவர் காய்ச்சல் என்று வந்தால் ‘காய்ச்சல்’ என்று எழுதுவோம். ஒருவகையில் அது நேர்மையான எழுத்து, தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டவில்லை. ஆனால் அதே ஆள் மாதம் ஒரு தடவை காய்ச்சலோடு வந்தால், முந்தைய பக்கங்களைப் புரட்டிக் கோத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. கணினி வந்தபின் கோத்துப் பார்க்கும் வேலையை அதுவே செய்கிறது. வேறொரு கெடுதலும் கூடவே வந்தது. பெட்டியில் ஏதாவது ஒரு நோயின் பெயரைப் போடாமல் பல மென்பொருள்கள் அடுத்த பக்கத்துக்கே விடாது. நேரமில்லாத டாக்டர் என்ன செய்வார்? பட்டியலில் கைக்கு முதலில் அகப்படுவதை அமுக்குவார்.

என் மனைவியின் கதை அப்படித்தான். இனிப்பு நீர் வந்து பல வருடம். நாங்கள் முன்பு போய்வந்த வேறோர் இடத்தில் ஒவ்வொரு தடவையும் இ11.9 என்று ஏற்றியிருந்தார்கள். நோய்களுக்கு எண் கொடுக்கிற, உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலில் இ11 என்றால் இரண்டாம் வகை நீரிழிவு. கடைசியில் உள்ள 9 என்றால் பின்விளைவு ஒன்றும் இல்லை என்று பொருள். அவளுக்கோ கால் வீக்கம், சிறுநீரில் நுரை. இந்த டாக்டர் பழைய கடிதத்தைப் படித்ததும் “ஆன்ட்டி, யாராவது யூரின் எடுத்துப் பார்த்தாங்களா?” என்றுதான் கேட்டார். எடுத்தார்கள், புரதம் இருந்தது. ரத்தத்தில் கிட்னி வேலை செய்யும் அளவு 48, இருக்கவேண்டியதைவிடக் குறைவு. நம் ஊர் வழக்கப்படி அன்றே ‘கிட்னி போச்சு’ என்று எழுதியிருப்பார்கள். இவர் எழுதவில்லை. சந்தேகம் என்று போட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும் என்று தேதி குறித்தார். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட கிட்னி நோய் என்று பெயர் வைக்கலாம். காய்ச்சல், வாந்தி, ஏதாவது மருந்து, இவற்றாலும் அந்த எண் தற்காலிகமாக இறங்கும். இரண்டாவது தடவையும் அதே நிலை. அப்போதுதான் சந்தேகத்தை எடுத்துவிட்டு இ11.2 என்று மாற்றினார், கிட்னியைத் தொட்ட நீரிழிவு.

ஓர் எண்ணை மாற்றியதால் என்ன வந்துவிட்டது என்று என் மகன்கூடக் கேட்டான். வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு முழங்கால் வலி. கெடாவில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை, அன்று இங்கே பகுதிநேர டாக்டர் உட்காருவார். அவர் டைக்ளோஃபெனாக் என்று தட்டினார். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது: கிட்னி நோய் உள்ளவர், இந்த வகை வலி மருந்து வேண்டாம். அவர் உடனே மாற்றிக்கொண்டார், பாரசிட்டமாலும் தடவுகிற மருந்தும் கொடுத்தார். கணினி கெட்டிக்காரத்தனமாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மேலே பட்டியலில் கிட்னி என்று ஒருவர் சரியாக எழுதிவைத்ததால் அது எச்சரித்தது. பழைய இ11.9 அப்படியே இருந்திருந்தால் திரை வாயைத் திறந்திருக்காது.

அக்கா மகளின் விவகாரம் இன்னும் முடியவில்லை, ஆனால் இந்த கிளினிக்கின் வேலை எப்படிப்பட்டது என்பதை அதைவிட நன்றாக எதுவும் காட்டாது. அவளுக்கு வயது 29. மாதவிலக்கு ஒழுங்காக வராமல் சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லி, பினாங்குப் பக்கம் ஓர் இடத்தில் மெட்ஃபார்மின் கொடுத்திருக்கிறார்கள். அந்த மாத்திரையை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் கொடுப்பதுண்டு. ஆனால் நம் ஊரில் மெட்ஃபார்மின் பட்டையைப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பாட்டிகூட இனிப்பு நீர் என்றுதான் சொல்வார். பாட்டி சொன்னால் பரவாயில்லை. அந்த இடத்துக் கோப்பிலும் யாரோ இரண்டாம் வகை நீரிழிவு என்று ஏற்றிவிட்டார்கள். அவள் மருத்துவக் காப்புறுதி அட்டைக்கு மனுப் போட்டாள், அறிக்கை கேட்டார்கள், அறிக்கையில் நீரிழிவு. மனு நின்றுபோனது.

இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். நான் நினைத்தது, ரத்தம் எடுப்பார், சர்க்கரை இல்லை என்று வரும், சரி, ஒரு கடிதம் கொடுப்பார், வேலை முடிந்தது. டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். “மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது எடுத்த ரத்தம் சாட்சிக்கு நிக்காதுமா. மாத்திரையாலதான் சர்க்கரை அடங்கியிருக்குன்னு அவங்க சொல்லலாம். மெட்ஃபார்மின் தொடங்கறதுக்கு முன்னால எடுத்த ரிப்போர்ட் இருக்கா?” அவள் கைத்தொலைபேசியில் தேடித் தேடி 2021-ஆம் ஆண்டின் ஆய்வகத் தாள் ஒன்றின் படத்தை எடுத்தாள். வெறும் வயிற்றில் சர்க்கரை 4.9, எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது) 5.3. மலேசியாவில் எச்பிஏ1சி 6.3-ஐத் தொட்டால்தான் நீரிழிவு என்று கணக்கு. இவள் அதற்கு முந்தைய நிலையைக்கூட எட்டவில்லை. அந்தப் படத்தை அவளுடைய கோப்பில் சேர்த்தார். நோயின் பெயரை இ28.2 என்று போட்டார், அது நீர்க்கட்டிக்கு உரியது. பக்கத்தில் ‘மெட்ஃபார்மின் இதற்காக’ என்று ஒரு வரி. எந்த மருந்து எந்த நோய்க்கு என்று இணைத்து எழுதுகிற பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது? அந்த ஒரு வரி அங்கே இருந்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

பழைய இடத்துக்கு எழுதிய கடிதத்தில் ‘அழித்துவிடுங்கள்’ என்று கேட்கவில்லை. தவறான பதிவைக் கோடிட்டு, யார், எப்போது, ஏன் திருத்தினார்கள் என்பது தெரியும்படி திருத்துங்கள் என்று கேட்டிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. மருத்துவக் கோப்பில் எதுவும் மாயமாக மறையக்கூடாது; அப்படி மறைந்தால் காப்புறுதிக்காரனுக்கு இன்னும் சந்தேகம்தான் வரும். தன்னைப் பற்றிய தவறான விவரத்தைத் திருத்தக் கேட்கும் உரிமை 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, தனியார் இடங்களுக்கு அது பொருந்தும் என்பதையும் அவளிடம் எடுத்துச் சொன்னார். பதில் வந்தபாடில்லை. பெண் இப்போது வாரம் தவறாமல் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

காய்ச்சல் விஷயத்தில் இவருடைய கை எப்படி என்று கேட்பீர்கள். எங்கள் தாமானுக்கு (குடியிருப்பு) பின்னால் உள்ள செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் நேப்பாளத் தம்பி ஒருவன், நாலு நாள் காய்ச்சல். மலாயில் தட்டுத்தடுமாறிப் பேசுவான், என்னையே கூட வரச் சொன்னான். டெங்கி சோதனையில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் பிளேட்லெட் இறங்கியிருந்தது. டெங்கி என்று முடித்துவிடக் காரணம் போதும். டாக்டர் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார், பையன் துள்ளினான். கண் சிவந்திருந்தது. எங்கே வேலை என்றார், எலி உண்டா என்றார். செம்பனைத் தோட்டத்தில் எலி இல்லாமலா. பெட்டியில் அவர் எழுதியது ‘காய்ச்சல்’. கீழே சந்தேகம் என்ற கட்டத்தில் எலிக்காய்ச்சல், டெங்கி இரண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம். டெங்கி சந்தேகம் என்றாலே 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். எலிக்காய்ச்சலும் 2010 முதல் தெரிவிக்கவேண்டிய நோய். தெரிவித்தார். அலுவலகத்துக்குச் சந்தேகத்தைச் சொல்வது வேறு, ஒருவன் கோப்பில் சந்தேகத்தை உறுதி போல எழுதுவது வேறு. பல பேர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

சுங்கை பட்டாணியில் சேர்த்துப் பார்த்ததில் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. பையன் பிழைத்துத் திரும்பினான். கையில் டிஸ்சார்ஜ் தாளைக் கொண்டுவந்தபோது டாக்டர் அவனுடைய பட்டியலைத் திறந்து டெங்கியை எடுத்தார், எலிக்காய்ச்சலை உறுதி என்று மாற்றினார். ஒரு நிமிட வேலை. டெங்கி இரண்டாவது தடவை, வேறு வகைக் கிருமியால் வந்தால் ஆபத்து கூடும் என்பது டாக்டர்களுக்குத் தெரியும். ‘முன்பு டெங்கி வந்தவர்’ என்று பொய்யாக ஒரு வரி கிடந்தால் அடுத்த காய்ச்சலில் எல்லாரும் அந்தப் பக்கமே பார்ப்பார்கள்.

ஒவ்வாமையையும் இப்படித்தான் விசாரிக்கிறார். எரித்ரோமைசின் எனக்கு ஆகாது என்று நான் சொன்னதும், என்ன செய்தது என்றார். வாந்தி. தடிப்பு, மூச்சுத் திணறல்? இல்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதினார், ஒவ்வாமைக் கட்டத்தில் போடவில்லை. என் பேரனுக்கு ஜி6பிடி (ரத்தத்தில் உள்ள ஒரு நொதி) குறைவு, சில மருந்தும் அந்துருண்டையும் ஆகாது; பிறந்தபோதே தொப்புள்கொடி ரத்தத்தில் தெரிந்தது. அது அவன் பெயருக்குப் பக்கத்திலேயே சிவப்பில் நிற்கிறது, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தெரியும். (மருமகளிடம் அந்துருண்டையைத் தூக்கிப் போடச் சொன்னதும் இந்த டாக்டர்தான்.)

கவுண்டரில் இருக்கும் பெண்ணையும் பாராட்டவேண்டும். நம் ஆட்களில் ஒரே பெயர் எத்தனை பேருக்கு! மாரியம்மா, தகப்பன் பெயர் முனியாண்டி, இந்த வட்டாரத்தில் ஒருவர் மட்டுமா இருப்பார்? பெயரை நம்பாமல் ஐ.சி. நம்பரைக் கேட்டு, பிறந்த தேதியை நம் வாயாலேயே சொல்லவைத்து, அப்புறம்தான் கோப்பைத் திறக்கும். பழைய ஐ.சி. நம்பரில் ஒரு கோப்பு, புதிய பன்னிரண்டு இலக்க நம்பரில் ஒரு கோப்பு என்று ஒரே ஆளுக்கு இரண்டு கிடந்ததை அது தேடித் தேடி ஒன்றாக்கியிருக்கிறது. எங்கள் பழைய மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) ஒருவருக்கு ஆஸ்துமா ஒரு கோப்பிலும் பிரஷர் இன்னொன்றிலும் இருந்ததாம். சில பிரஷர் மாத்திரைகள் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, எந்தக் கோப்பைத் திறக்கிறார்களோ அதைப் பொறுத்து அவர் தலையெழுத்து. 2001-இல் மைகாட் (சிப் வைத்த அடையாள அட்டை) வந்தபோது அவசர மருத்துவ விவரத்தை அதன் சிப்பிலேயே வைக்கலாம் என்று சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? எனக்குத் தெரிந்து இந்த ஊரில் யார் அட்டையையும் அதற்காகச் செருகிப் பார்த்ததில்லை.

குறை இல்லாமலா. வெள்ளிக்கிழமை பகுதிநேர டாக்டரைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். மருந்தை மாற்றிக்கொண்டார், நல்ல மனிதர், ஆனால் முந்தைய வருகையின் குறிப்பை அப்படியே நகல் எடுத்து ஒட்டிவிடுகிறார். மனைவியின் எடை நாலு வருகைக்கு ஒரே எடை. ஒரு தடவை அவளுக்கு இடது முழங்காலில் வலி, குறிப்பில் வலது. ஐ.சி.டி.-10-இல் முழங்கால் தேய்மானத்துக்குள்ள எண் இடது வலது சொல்லாது, அதைக் கையால்தான் எழுதவேண்டும். எழுதாவிட்டால் பழையதே நிற்கும். இதைப் பெரிய டாக்டரிடம் சொன்னேன், கவனிக்கிறேன் என்றார். இன்னும் கவனித்த மாதிரி தெரியவில்லை. சளி இருமல் தொண்டைவலி எல்லாவற்றுக்கும் அந்தப் பகுதிநேர டாக்டர் ஒரே பெயர்தான் அமுக்குகிறார் என்பதும் என் சந்தேகம்.

ஜெராய் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் லைன் போய்விடும். அப்போது தாளில் எழுதுகிறார்கள், சாயங்காலம் ஏற்றுகிறார்கள். ஏற்றினார்களா என்று அடுத்த தடவை திரையில் பார்த்துக்கொள்வது நல்லது. டாக்டர் தட்டுவதும் மெதுவு. இரண்டு விரலால் தேடித் தேடி அடிக்கிறார், பின்னால் காத்திருக்கிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். இன்னொன்று, இங்கே எழுதியது அரசாங்க ஆஸ்பத்திரிக் கணினியில் தானாகத் தெரியாது. மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் அரசாங்க கிளினிக்குக்கு நேரம் எடுத்துக்கொள்ளலாமே தவிர, இந்தப் பட்டியல் அதில் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தாளாகத்தான் கொண்டுபோகவேண்டும்.

அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ‘நோய்ப் பட்டியல் பிரிண்ட்’ என்றால் கவுண்டரில் தெரியும், காசு இல்லை. ஆங்கிலத்தில், சுருக்கெழுத்து மயமாக வரும், வீட்டில் டி.எம். (நீரிழிவு), எச்.டி. (ரத்த அழுத்தம்) என்று எழுத்துக்கூட்டிக்கொண்டு உட்காராமல், டாக்டர் முன்னாலேயே ஒவ்வொரு வரியாகக் கேட்டுவிடுங்கள், சலிக்காமல் சொல்வார். சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் பட்டையோடு கொண்டுபோங்கள். பழைய ஆய்வகத் தாள் இருந்தால் அதையும், எவ்வளவு பழையதாக இருந்தாலும்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று வெள்ளிக்கிழமைக்கு. ஞாயிறு முதல் வியாழன் வரை, மதியம் இரண்டரைக்கு மேல் போனால் கூட்டம் குறைவு, பெரிய டாக்டரே இருப்பார்.